பள்ளி திறக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

புதிய கல்வியாண்டு நெருங்கும் வேளையில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, கடைக்குப் போகும் பட்டியலை விட்டுவிட்டு, வீட்டுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தன. அவற்றையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே செய்தியைப் பலர் எழுதியிருந்த இடங்களில் ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் தந்திருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 8 வயதில் ஒரு மகளும் 14 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். விடுமுறை தொடங்கியதிலிருந்து இருவரும் நள்ளிரவுக்குத்தான் உறங்குகிறார்கள். காலை 10 மணிக்கு முன்னால் எழுவதில்லை. பள்ளி திறக்க இன்னும் 3 வாரம் இருக்கிறது. முந்தைய நாள் இரவு சீக்கிரம் படுக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். சரியாகிவிடுமா?
— இரு பிள்ளைகளின் தாய்

பதில்: சரியாகாது. நள்ளிரவில் உறங்கிப் பழகிய குழந்தையை எட்டரை மணிக்குப் படுக்க வைத்தால், விளக்கணைத்த அறையில் அவள் புரண்டுகொண்டு கிடப்பாளே தவிர, உறக்கம் வராது. மறுநாள் காலை உலுக்கி எழுப்பினால் அரைத் தூக்கத்தோடு போய் முதல் நாள் வகுப்பில் உட்காருவாள். புதிய ஆசிரியரையும் புதிய வகுப்பையும் அறிந்துகொள்ள வேண்டிய நாள் கொட்டாவியில் கழிந்துவிடும்.

எவ்வளவு உறக்கம் தேவை என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு நாளில் 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும், 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் வேண்டும். உங்கள் பிள்ளைகள் காலை 6.30 மணிக்கு எழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மகள் 10 மணி நேரம் உறங்க இரவு 8.30-க்கும், மகன் 9 மணி நேரம் உறங்க 9.30-க்கும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். எழும் நேரத்தை 10 மணியிலிருந்து 6.30-க்குக் கொண்டுவர மூன்றரை மணி நேரம் நகர்த்தியாக வேண்டும். நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் நகர்த்தினால் 14 நாளில் அந்த வேலை முடிந்துவிடும். கையில் ஒரு வாரம் மீதமும் இருக்கும்.

இதில் பலரும் படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். எழும் நேரத்தைப் பிடிப்பதே எளிது, ஏனெனில் ஒருவரை எழுப்ப முடியும், உறங்க வைக்க முடியாது. எழுப்பியவுடன் திரைச்சீலையை விலக்கிவிடுங்கள், அல்லது வெளியே சிறிது நேரம் நடக்க அழைத்துச் செல்லுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடலின் உள்கடிகாரம் முன்னே நகர்கிறது; அதற்கு மாறாக, இரவில் முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கும் திரையின் ஒளி அதைப் பின்னே தள்ளுகிறது. மாலைக்கு மேல் குட்டித் தூக்கம் வேண்டாம். வார இறுதியிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐந்து நாள் சேர்த்ததை இரண்டு நாளில் இழந்துவிடுவீர்கள்.

மகனைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பருவ வயதில், உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் முன்பைவிடத் தாமதமாகவே தொடங்குகிறது. ஆகவே அந்த வயதுப் பிள்ளை இரவில் விழித்திருப்பதையும் காலையில் எழ முடியாமல் தவிப்பதையும் முழுக்கச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அவனைத் திட்டுவதைக் குறைத்து, அவனுடைய கைபேசியை இரவில் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். உங்கள் கைபேசியும் உங்கள் கணவரின் கைபேசியும் அதே மேசையில், அதே நேரத்தில் வந்து சேர வேண்டும். 14 வயதுப் பிள்ளை இந்த விஷயத்தில் பெரியவர்களைக் கூர்ந்து கவனிப்பான். விதிவிலக்கு ஒன்றைக் கண்டுவிட்டால் அதோடு விதி போய்விடும்.

கேள்வி: எங்கள் ஒரே மகள் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகப் போகிறாள். எழுத்துகள் அனைத்தையும், 1 முதல் 50 வரை எண்களையும் கற்றுக்கொடுத்துவிட்டோம். பாட்டுகளும் சொல்லுவாள். இன்னும் என்னென்ன கற்பிக்க வேண்டும்?
— ஒரு தந்தை

பதில்: எழுத்தையும் எண்ணையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவற்றைக் கற்பிக்கத்தான் பள்ளி இருக்கிறது. உங்கள் மகளின் கைகளுக்கு எதெல்லாம் தெரியும் என்று பாருங்கள்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒவ்வோர் ஆண்டின் முதல் வாரத்திலும் கண்ட காட்சி ஒன்று உண்டு. சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தை, மூடியின் கொக்கியைப் பெருவிரலால் நெம்பிப் பார்க்கும், வராது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி இழுக்கும், அப்போதும் வராது. ஆசிரியரிடம் கொண்டுபோனால் அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சில குழந்தைகள் வரிசையில் நிற்கத் தயங்கி, மூடிய டப்பாவை அப்படியே பைக்குள் வைத்துவிடும். மாலையில் அதைத் திறந்து பார்க்கும் தாய், 'இவளுக்கு இந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை' என்று முடிவு செய்து மறுநாள் வேறொன்றைச் சமைத்து, அதே மூடியைப் போட்டு அழுத்தி மூடி அனுப்புவார்.

ஆகவே டப்பாவையும் தண்ணீர்ப் புட்டியையும் வாங்கும்போது மகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவளால் ஒரு கையால் பிடித்து மறு கையால் திறந்து, பின் சிந்தாமல் மூட முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். திருகுமூடியை நீங்கள் காலையில் இறுக்கி மூடும் வேகத்தில் அவளால் திறக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் திரும்பும் குழந்தைகளில் பலர் புட்டியைத் திறக்க முடியாதவர்களே. பிறகு பள்ளியில் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று கேட்டறிந்து, அந்த நேரத்துக்குள், அந்த டப்பாவிலிருந்து, உதவியில்லாமல் சாப்பிட்டு முடிக்க வீட்டிலேயே சில நாள் பழக்குங்கள். ஊட்டிவிட்டுப் பழகிய குழந்தைக்கு இந்தப் பழக்கம் உடனே வந்துவிடாது. அதற்குச் சில வாரம் கூட ஆகலாம்.

அடுத்தது கழிப்பறை. பெற்றோர் கேட்கக் கூச்சப்படும் இந்த ஒன்றுதான் சின்னக் குழந்தைகளை அதிகம் வாட்டுகிறது. வீட்டில் குழந்தை சொல்லும் செல்லச் சொல் ஆசிரியருக்குப் புரியாமல் போகலாம். எல்லாருக்கும் புரிகிற சொல்லால், வெட்கப்படாமல் கேட்கப் பழக்குங்கள். உடுப்பைத் தானே இறக்கி, தானே ஏற்றிக்கொள்ள முடிய வேண்டும்; இடுப்பில் கொக்கியும் பித்தானும் வைத்த உடுப்பைவிட எலாஸ்டிக் வைத்தது இந்த வயதுக்கு நல்லது. கழுவிக்கொள்ளவும், சோப்புப் போட்டு 20 விநாடியாவது கை தேய்க்கவும் தெரிய வேண்டும். கேட்கப் பயந்து சிறுநீரை அடக்கும் குழந்தைக்குச் சிறுநீர்த்தொற்று வர வாய்ப்பு உண்டு. மலத்தை அடக்கினால் மலச்சிக்கல் வரலாம். காலணியில் கயிற்றுக்குப் பதில் வெல்க்ரோ பட்டை இருப்பது ஆசிரியருக்கும் குழந்தைக்கும் ஒருசேர நிம்மதி.

தன் முழுப் பெயரும் பெற்றோரின் பெயர்களும் அவளுக்குத் தெரியுமா? சிரிக்காதீர்கள், 'உன் அம்மா பெயர் என்ன?' என்று கேட்டால் 'அம்மா' என்று பதில் சொல்லும் குழந்தைகள் வகுப்புக்கு ஓரிருவர் இருப்பார்கள்.

கடைசியாக, சேட்டை செய்யும்போதெல்லாம் 'பள்ளிக்கூடம் திறக்கட்டும், டீச்சரிடம் சொல்லிக் கொடுக்கிறேன்' என்று மிரட்டும் வழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மாதம் பூச்சாண்டி காட்டிவிட்டு, அந்தப் பூச்சாண்டியின் கையிலேயே குழந்தையைப் பிடித்துக் கொடுத்தால் அது அழாமல் என்ன செய்யும்?

கேள்வி: என் மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பேரனை முதல் வாரம் நான்தான் பள்ளியில் விட வேண்டும். அவன் என் முந்தானையை விடவே மாட்டான். விளையாட்டுக் காட்டிவிட்டு, அவன் பார்க்காத நேரத்தில் நழுவி வந்துவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.
— ஒரு பாட்டி

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி, அம்மா. நழுவி வந்தால் அன்றைய அழுகை உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கும்போது பாட்டியைக் காணோம் என்று கண்ட குழந்தை, இனிமேல் எந்த நேரமும் யாரும் காணாமல் போகலாம் என்று எண்ணத் தொடங்கும். மறுநாள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், வீட்டில் கூட உங்களை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக விடாது.

விடைபெறுவதைச் சுருக்கமாகவும், தினமும் ஒரே மாதிரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முத்தம், ஒரு வாக்கியம், ஒரு கையசைப்பு. 'மூன்று மணிக்கு வருவேன்' என்பது மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு விளங்காது. 'நீ சாப்பிட்டு, விளையாடி முடித்ததும் பாட்டி இதே வாசலில் நிற்பேன்' என்றால் விளங்கும். சொன்னபடி, மணி அடிப்பதற்குச் சற்று முன்பே அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடத் தாமதம் கூட அவனுக்குப் பெரிது. உங்கள் கைக்குட்டை ஒன்றை அவன் பையில் போட்டு அனுப்பலாம். சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அடங்கிய அழுகை உங்கள் தலையைக் கண்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பிறகு ஆசிரியர் பாடு திண்டாட்டம்.

பெரும்பாலான குழந்தைகள் பெரியவர்கள் கண்ணிலிருந்து மறைந்த சிறிது நேரத்திலேயே தேறிவிடுவார்கள். சில வாரங்கள் கடந்தும் நாள் முழுவதும் அழுகிறான், சாப்பிடுவதில்லை, இரவில் திடுக்கிட்டு எழுகிறான் என்றால் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கேள்வி: பள்ளிப் பையின் எடை எவ்வளவு இருக்கலாம்? சக்கரம் வைத்த பை வாங்கலாமா?
— ஒரு வாசகர்

பதில்: நிரப்பிய பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் பொதுவாகத் தரும் அறிவுரை. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது இரண்டரையிலிருந்து மூன்றே முக்கால் கிலோ. வீட்டில் எடைக்கருவி இருந்தால் குழந்தையை முதலில் பையில்லாமலும் பிறகு பையோடும் நிற்க வைத்துக் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் புத்தகத்தைவிட அன்று தேவைப்படாத நோட்டுகளும், முழுக்க நிரப்பிய பெரிய தண்ணீர்ப் புட்டியும், காலிப் பையின் சொந்த எடையுமே கூடுதலாக இருப்பதைக் காண்பீர்கள்.

கனமான புத்தகம் முதுகை ஒட்டிய அறையில் இருக்க வேண்டும். இரண்டு வார்களையும் தோளில் மாட்ட வேண்டும். பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. சக்கரப் பை சமதளத்தில் வசதிதான், ஆனால் படியேறும்போது அதைக் குழந்தைதான் தூக்க வேண்டும், சட்டமும் சக்கரமும் சேர்ந்து அது சாதாரணப் பையைவிடக் கனமாகவும் இருக்கும். வகுப்பு மாடியில் என்றால் வேண்டாம்.

காலணியையும் இத்தோடு சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுவும் அளவு சார்ந்த விஷயம். நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று விரியும் என்பதால் மாலையில் போய் வாங்குங்கள். காலுறை அணிவித்து, நிற்க வைத்து, இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். 'அடுத்த ஆண்டுக்கும் ஆகும்' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குழந்தை தடுக்கி விழும். அடுத்த ஆண்டு வருவதற்குள் அது தேய்ந்தும் போகும்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு முடித்தவன். விடுமுறையில் புத்தகத்தைத் தொடவில்லை. நேற்று ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன், பாதியில் நின்றுவிட்டான். இருக்கிற 2 வாரமும் தினம் 3 மணி நேரம் டியூஷனுக்கு அனுப்பலாமா?
— கவலையோடு ஒரு தாய்

பதில்: அனுப்ப வேண்டாம். அவன் மறந்தது உண்மை, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மறக்கவில்லை.

நீண்ட விடுமுறையில் மாணவர்கள் எதை இழக்கிறார்கள் என்பது பற்றிய 39 ஆய்வுகளை ஹாரிஸ் கூப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் தொகுத்து ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பின் அளவுக்கு மதிப்பெண் குறைவதாகவும், கணக்குப் போடும் பயிற்சியிலும் எழுத்துக்கூட்டலிலும் இழப்பு அதிகம் என்றும் அதில் கண்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த அளவைப் பற்றி மாறுபட்ட கருத்துகளைச் சொன்னாலும், எது முதலில் மங்கும் என்பது வகுப்பறையில் நாம் காண்பதோடு ஒத்துப்போகிறது. கதையின் பொருள் மறப்பதில்லை. திரும்பத் திரும்பச் செய்து கைவரப் பெற்ற வாய்ப்பாடும் எழுத்துப்பிழையின்றி எழுதும் பழக்கமும்தான் முதலில் நழுவுகின்றன.

ஆனால் ஒருமுறை கற்று மறந்ததை மறுபடி கற்க, முதல் முறை ஆன நேரம் ஆகாது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885-இலேயே, பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மீண்டும் கற்று இதை அளந்து காட்டினார். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும் என்பதும் அவர் கண்டதே. ஆகவே தினமும் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். 3 மணி நேரம் உட்கார வைத்தால் பள்ளி திறப்பதற்கு முன்பே பள்ளியின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

வாய்ப்பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய வாய்ப்பாடுகள் அவனுக்கு நினைவிருக்கும். மிஞ்சுவது 3, 4, 6, 7, 8, 9. ஆறேழும் ஏழாறும் ஒன்றே என்று அவனுக்குப் புரிந்துவிட்டால், இந்த ஆறு எண்களுக்கு இடையே 21 பெருக்கல்களே இருக்கின்றன. அவற்றை 21 சிறிய அட்டைகளில் எழுதிக் கலைத்துப் போட்டு, உடனே விடை சொன்னவற்றை ஒரு பக்கமும் தயங்கியவற்றை மறுபக்கமும் வைக்கச் சொல்லுங்கள். முழு வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கச் சொன்னபோது 'எல்லாமே மறந்துவிட்டது' என்று தோன்றிய குழந்தைக்கு, உண்மையில் ஏழெட்டு அட்டைகளில்தான் சிக்கல் இருப்பது தெரியவரும். அந்த ஏழெட்டை மட்டும் தினமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளிக் கேளுங்கள். எழுத்துக்கு, அவனுக்குப் பிடித்த கதையிலிருந்து நான்கு வரி சொல்ல, அவன் எழுதி, அவனே புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினால் போதும்.

கேள்வி: நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். கடந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் காலை நேரம் கூச்சலும் ஓட்டமுமாகவே போனது. 11 வயது மகன் எதையாவது மறந்துவிட்டுப் போவான். அலுவலகத்துக்கு அனுமதி சொல்லிவிட்டு நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த ஆண்டாவது இதை மாற்ற முடியுமா?
— ஒரு தாய்

பதில்: நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை அவன் மறந்துகொண்டுதான் இருப்பான், மறப்பதால் அவனுக்கு எந்த நட்டமும் இல்லையே. பள்ளி திறக்கும் முன்பே அவனிடம் அமைதியாகச் சொல்லிவிடுங்கள்: மூக்குக் கண்ணாடி, மருந்து, தேர்வுக்கு இன்றியமையாத பொருள் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் இனிக் கொண்டுவர மாட்டோம் என்று. சொன்னபடி நடந்துகொள்வது அவனைவிட உங்களுக்கே கடினமாக இருக்கும்.

அதே நேரத்தில், மறக்காமல் இருக்க அவனுக்கு ஒரு வழியும் அமைத்துக் கொடுக்க வேண்டும். காலையில் செய்யும் வேலைகளில் எவற்றை முந்தைய இரவே முடிக்கலாம் என்று பாருங்கள்: கால அட்டவணையைப் பார்த்துப் பை அடுக்குவது, உடுப்பும் காலுறையும் எடுத்து வைப்பது, பெற்றோர் கையெழுத்து வாங்குவது. கையெழுத்தைக் காலையில் கேட்டால் கிடையாது என்று ஒரு விதி வைத்தால் பாதிக் கூச்சல் அடங்கிவிடும். பை, காலணி, அடையாள அட்டை மூன்றும் வாசலுக்கு அருகே ஒரே இடத்தில் இரவே வந்துவிட வேண்டும். வாசற்கதவின் உட்புறம், அவன் கண் மட்டத்தில், சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை அவனையே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நீங்கள் அழகாக அச்செடுத்து ஒட்டினால் அது உங்கள் பட்டியல். அவன் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான்.

திறப்பதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். எழுவது முதல் வாசலைத் தாண்டுவது வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால், அரை மணி நேரம் போதும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் முக்கால் மணிக்கும் மேல் நீள்வது தெரியும்.

கேள்வி: வீடு மாறியதால் 12 வயது மகளைப் புதிய பள்ளியில் சேர்த்திருக்கிறோம். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. பள்ளிப் பேச்சை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள். நடிக்கிறாள் என்கிறார் என் தாயார். எனக்கோ பாவமாக இருக்கிறது.
— ஒரு தந்தை

பதில்: நடிக்கவில்லை. அச்சம் மிகும்போது குடல் இறுகும், குமட்டும், தலை கனக்கும். வலி உண்மையான வலியே, அதன் காரணம்தான் வயிற்றில் இல்லை. ஆயினும் காய்ச்சல், வாந்தி, எடை குறைவது, இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுங்கள்.

'பயப்பட ஒன்றுமே இல்லை' என்று தேற்றாதீர்கள். பயப்பட ஏதோ இருப்பதாக அவள் உணர்கிறாள். அதை இல்லை என்று சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எதை நினைத்தால் வலிக்கிறது என்று நிதானமாகக் கேளுங்கள். இந்த வயதில் பதில் பெரும்பாலும் பாடத்தைப் பற்றி இருக்காது. சாப்பாட்டு இடைவேளையில் யாரோடு உட்காருவது, கழிப்பறை எங்கே என்று யாரிடம் கேட்பது, பேருந்தில் எந்த இருக்கை, தன் பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று மிகச் சிறியவையாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விடை காண முடியும். பள்ளி திறக்கும் முன் அனுமதி பெற்று அவளை அழைத்துக்கொண்டு போய் வகுப்பறை, கழிப்பறை, நூலகம், ஏறி இறங்கும் படி என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். அதே வகுப்பில் சேரப்போகும் ஒரே ஒரு பெண்ணையாவது முன்கூட்டியே சந்திக்க வகுப்பாசிரியர் உதவக்கூடும். கூட்டத்தில் ஒரு தெரிந்த முகம் இருப்பது பெரிய பலம். பழைய தோழிகளோடு பேசுவதைத் தடுக்க வேண்டாம்.

வலிக்கிறது என்பதற்காக முதல் நாட்களில் வீட்டிலேயே இருத்திக்கொள்வது மட்டும் கூடாது. போகாத ஒவ்வொரு நாளும் மறுநாள் போவதை இன்னும் கடினமாக்கும். இரண்டு மூன்று வாரம் போய்வந்த பிறகும் வலி குறையாமல், விடுமுறை நாளில் மட்டும் காணாமல் போகிறது என்றால், அவளை யாராவது கேலி செய்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று ஆசிரியர் வழியாகக் கட்டாயம் விசாரியுங்கள். தேவைப்பட்டால் குழந்தை மனநல ஆலோசகரையும் அணுகலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை.

கேள்வி: பள்ளி தொடங்கும் முன் மருத்துவப் பரிசோதனை தேவையா? மகனுக்கு ஆஸ்துமா உண்டு. விடுமுறையில் ஒரு தொந்தரவும் இல்லை.
— ஒரு வாசகி

பதில்: தொந்தரவு இல்லாததால் தினசரித் தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டீர்களா என்பதுதான் நான் முதலில் கேட்க விரும்புவது. நீண்ட விடுமுறை முடிந்து குழந்தைகள் வகுப்பில் நெருங்கி உட்காரத் தொடங்கியதும் சளிக் கிருமிகள் வேகமாகப் பரவுகின்றன. அடுத்த சில வாரங்களில் ஆஸ்துமா தீவிரமாகி மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே திறப்பதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்தைத் தொடர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் ஒன்று பள்ளியிலும் இருக்க வேண்டும். அதன் காலாவதி நாளைப் பாருங்கள், எப்போது எத்தனை முறை என்று மருத்துவர் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

மற்றபடி, கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பார்வை மங்கிய குழந்தை அதைச் சொல்லாது, ஏனெனில் எல்லாருக்கும் கரும்பலகை அப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணை இடுக்கிப் பார்ப்பது, தொலைக்காட்சிக்கு அருகே போய் உட்காருவது, பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தப்பும் தவறுமாக எழுதுவது ஆகியவற்றைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி அட்டையில் விடுபட்டவை இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடலாம்.

கேள்வி: அண்ணனின் பையும் வடிவியல் பெட்டியும் நன்றாகவே இருக்கின்றன. தம்பிக்கு அவற்றைக் கொடுத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— ஒரு தாய்

பதில்: வேண்டியதில்லை. பையைத் துவைத்துக் காயவைத்து, சிறிய பொருளொன்றை, ஒரு பேனாப் பையையோ நோட்டு அட்டையையோ, அவனே தேர்ந்தெடுத்துப் புதிதாக வாங்கிக்கொள்ள விடுங்கள். அண்ணனின் பெயரை எடுத்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுத மறக்காதீர்கள். அவன் முகம் தூக்குவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெயராகவே இருக்கும்.

கேள்வி: என் மனைவி கடந்த ஆண்டு காலமானார். மகளுக்கு 7 வயது. புதிய வகுப்பாசிரியரிடம் இதைச் சொல்ல வேண்டுமா? எல்லாரும் பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
— ஒரு தந்தை

பதில்: அவசியம் சொல்லுங்கள், அதுவும் பள்ளி திறக்கும் முன்பே சொல்லுங்கள். தெரியாத ஆசிரியர் முதல் வாரத்திலேயே, எந்தத் தீய எண்ணமும் இல்லாமல், 'நாளைக்கு அம்மாவை வரச் சொல்' என்று வகுப்பின் நடுவே சொல்லிவிடக்கூடும். 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொல்லவும் கூடும்.

நேரில் பேச வார்த்தை வராது என்றால் ஒரு பக்கத்துக்குள் கடிதமாக எழுதிக் கொடுங்கள். நடந்தது என்ன, மகளுக்கு அது எந்த அளவு தெரியும், அவள் அதைப் பற்றிப் பேச விரும்புகிறாளா, எந்தச் சூழ்நிலையில் கலங்குகிறாள், கலங்கினால் எதனால் தேறுகிறாள், பள்ளியிலிருந்து யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும், அவளை அழைத்துச் செல்ல உரிமை உள்ளவர்கள் யார் யார் என்பவை அதில் இருந்தால் போதும். மற்ற பிள்ளைகளைப் போலவே அவளை நடத்துவதையும், தவறு செய்தால் கண்டிப்பதையும் விரும்புவதாக வெளிப்படையாகவே எழுதுங்கள். உங்கள் தயக்கத்துக்கு அது ஒன்றே மருந்து. யார் யாரிடம் இந்தச் செய்தி போகலாம் என்பதையும் நீங்களே வரையறுத்துச் சொல்லலாம். மகளிடமும் 'உன் ஆசிரியரிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்' என்று தெரிவித்துவிடுங்கள். வகுப்பில் அழுகை வந்தால் காரணம் விளக்க வேண்டியதில்லை, எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதை ஆசிரியரும் அவளும் முன்பே பேசி வைத்துக்கொள்ளட்டும்.